044, 0044, +44: பன்னாட்டுத் தொலைபேசி எண்களின் இலக்கணம்

மதுரையில் உள்ள ஒரு தரைவழித் தொலைபேசியில் 044 என்று தொடங்கி எட்டு இலக்க எண் ஒன்றை அழைத்தால் சென்னையில் மணி ஒலிக்கும். அதற்கு முன்னால் இன்னொரு பூஜ்ஜியத்தைச் சேர்த்து 0044 என்று தொடங்கினால் அழைப்பு பிரிட்டனை நோக்கிப் போய்விடும். இரண்டிலும் இருப்பது அதே 44தான். ஆயினும் ஒன்று இந்தியா தன் நகரம் ஒன்றுக்கு வழங்கிய எண். மற்றொன்று ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு நாட்டுக்கு வழங்கிய எண். இவற்றுள் எது குறிக்கப்படுகிறது என்பதை இணைப்பகத்துக்கு உணர்த்துபவை முன்னால் நிற்கும் பூஜ்ஜியங்களே. அந்தப் பூஜ்ஜியங்கள் எண்ணின் உறுப்புகள் ஆகா. அவை அழைப்பவர் தம் ஊர் இணைப்பகத்துக்கு இடும் கட்டளைகள். வெளிநாட்டு எண்களை அழைக்கையில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை, எண் எங்கே தொடங்குகிறது, கட்டளை எங்கே முடிகிறது என்று பிரித்தறியாமையால் விளைபவை.

முழுமையான பன்னாட்டு எண் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலில் வருவது ஓர் இலக்கம் முதல் மூன்று இலக்கங்கள் வரை நீளும் நாட்டுக் குறியீடு. அதைத் தொடர்வது அந்த நாட்டுக்குள் ஒரு தொலைபேசியைத் தனித்துக் காட்டும் உள்நாட்டு எண். ஊருக்கென்று தனிக் குறியீடு உள்ள நாடுகளில், இந்தியாவில் எஸ்.டி.டி. கோடு என்று வழங்குவதைப் போன்ற அந்தக் குறியீடும் இந்த உள்நாட்டு எண்ணுக்குள்ளேயே அடங்கும். இரண்டும் சேர்ந்து பதினைந்து இலக்கங்களைத் தாண்டக் கூடாது என்பது ஒன்றியத்தின் இ.164 என்னும் பரிந்துரை வகுத்த வரம்பு. பன்னிரண்டாக இருந்த இந்த வரம்பு 1996ஆம் ஆண்டின் கடைசி நாள் முடிவடையும் நேரத்தைக் குறியாக வைத்து, உலகெங்கும் ஒரே சமயத்தில் பதினைந்தாக உயர்த்தப்பட்டது. இந்திய எண் 91-உம் பத்து இலக்கங்களுமாகப் பன்னிரண்டு. இலங்கை எண் 94-உம் ஒன்பது இலக்கங்களுமாகப் பதினொன்று. சிங்கப்பூர் எண் 65-உம் எட்டு இலக்கங்களுமாகப் பத்து. நாட்டைவிட்டு வெளியே செல்வதற்காக ஒற்றப்படும் பன்னாட்டு முன்னொட்டும், ஊரைவிட்டு வெளியே செல்வதற்காக ஒற்றப்படும் உள்நாட்டு முன்னொட்டும் இந்தக் கணக்கில் சேரா.

அந்த முன்னொட்டுகளின் தேவை பழைய இணைப்பகம் வேலை செய்த முறையில் இருந்து பிறந்தது. வட்டத் தகட்டைச் சுழற்றும் தொலைபேசியில் ஓர் இலக்கத்தைச் சுழற்றிவிட்டால், தகடு திரும்பி வருகையில் கம்பியில் ஓடும் மின்னோட்டம் அந்த இலக்கத்தின் அளவுக்கு அறுந்து அறுந்து சேரும். 4-க்கு நான்கு துடிப்புகள், 9-க்கு ஒன்பது, பூஜ்ஜியத்துக்குப் பத்து, நொடிக்கு ஏறத்தாழப் பத்துத் துடிப்புகள் என்னும் வேகம். ஒவ்வொரு இலக்கத்தின் துடிப்புகளையும் எண்ணிக்கொண்டே இணைப்பகத்தின் இயந்திரக் கரம் படிப்படியாக நகரும். எழுத்தில் உள்ள இடைவெளியோ கோடோ அடைப்புக்குறியோ அதற்குத் தெரியாது. முழு எண்ணும் வந்து சேரட்டும் என்று காத்திருக்கவும் அதற்கு இயலாது. இடப்பக்கத்தில் இருந்து வரும் இலக்கங்களைக் கொண்டே அழைப்பு உள்ளூருக்குரியதா, வெளியூருக்குரியதா, வெளிநாட்டுக்குரியதா என்று அது தீர்மானித்தாக வேண்டும். கம்பியில் ஏற்படும் சிறு அதிர்வோ, கொக்கியைத் தொட்டு எடுப்பதோ ஒற்றைத் துடிப்பாகத் தோன்றிவிடும் என்பதால் உள்ளூர் எண்கள் 1 என்று தொடங்குவதைப் பொறியாளர்கள் பொதுவாகத் தவிர்த்தார்கள். தற்செயலாக உண்டாக வழியே இல்லாத பத்துத் துடிப்புகள், அதாவது பூஜ்ஜியம், வெளியூருக்கான வாயிலாகப் பல நாடுகளில் நிலைபெற்றது. பூஜ்ஜியத்தை ஏற்கெனவே ஆபரேட்டரை அழைக்க ஒதுக்கிவிட்ட அமெரிக்காவிலும் கனடாவிலும் வெளியூர் வாயில் 1 ஆயிற்று. அடுத்த வீட்டாரைப்போல் வாழும் நாடுகள்கூட வெவ்வேறு முன்னொட்டுகளைக் கொண்டிருப்பதற்குக் காரணம், உலகத் திட்டம் ஒன்று உருவாகும் முன்பே ஒவ்வொரு நாடும் தன் இயந்திரங்களுக்கு ஏற்ற வழக்கத்தை நிறுவிக்கொண்டதுதான்.

ஆபரேட்டரின் துணையின்றிச் சந்தாதாரரே வெளியூரை அழைக்கும் வசதி 1951 நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து எங்கிள்வுட் நகரில் தொடங்கியது. பிரிட்டனில் 1958 டிசம்பரில் எலிசபெத் அரசி பிரிஸ்டலில் இருந்து எடின்பரோவை அழைத்து அதைத் தொடங்கிவைத்தார். இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே ஏற்பட்டது. நாட்டெல்லையைக் கடந்து நேரடியாக அழைப்பது அடுத்த படி: லண்டனில் இருந்து பாரிசுக்கு 1963 மார்ச்சில், நியூயார்க்கில் இருந்து லண்டனுக்கு 1970 மார்ச்சில், பம்பாயில் இருந்து லண்டனுக்கு 1976இல். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலத்தில் எந்த நாட்டுக்கு எந்த எண் என்ற கேள்வியே எழவில்லை. நாட்டின் பெயரையும் ஊரின் பெயரையும் காதில் வாங்கிக்கொள்ள மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார். அவர் இருந்த இடத்தில் இயந்திரம் வந்து அமர்ந்தபோதுதான் உலகிலுள்ள நாடுகள் அனைத்துக்கும் எண் சூட்ட வேண்டியதாயிற்று.

அந்த எண் சூட்டலுக்கான உலகத் திட்டம் 1964இல் ஒன்றியத்தின் ஆலோசனைக் குழுவால் வகுக்கப்பட்டது. உலகம் ஒன்பது மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது: வட அமெரிக்காவுக்கு 1, ஆப்பிரிக்காவுக்கு 2, ஐரோப்பாவுக்கு 3-உம் 4-உம், மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரையிலான நாடுகளுக்கு 5, தென்கிழக்கு ஆசியாவுக்கும் பசிபிக் நாடுகளுக்கும் 6, சோவியத் ஒன்றியத்துக்கு 7, கிழக்காசியாவுக்கு 8, மேற்காசியாவுக்கும் தெற்காசியாவுக்கும் 9. ஒரு சிறு கண்டத்துக்கு இரண்டு மண்டலங்கள் கிடைத்தது, தொலைபேசிகள் மிகுந்த நாடுகள் பல அன்று ஐரோப்பாவில் இருந்ததைக் காட்டுகிறது. மொத்த நீளத்துக்குப் பன்னிரண்டு இலக்க வரம்பு இருந்தமையால், மிகுதியான தொலைபேசிகள் தேவைப்படும் என்று கருதப்பட்ட நாடுகளுக்குக் குறுகிய குறியீடும் மற்றவற்றுக்கு மூன்று இலக்கக் குறியீடும் கொடுக்கப்பட்டன. இந்தியாவுக்கு 91, பாகிஸ்தானுக்கு 92, ஆப்கானிஸ்தானுக்கு 93, இலங்கைக்கு 94, மியான்மாருக்கு 95 என்னும் வரிசைக்குப் பிறகு மாலத்தீவு 960 என்று மூன்று இலக்கம் பெற்றது இவ்வாறுதான்.

இந்த ஒதுக்கீட்டின் உள்ளே மிக நேர்த்தியான ஒரு கணித விதி இருக்கிறது. எந்த நாட்டின் குறியீடும் மற்றொரு நாட்டுக் குறியீட்டின் தொடக்கப் பகுதியாக அமையாது. சிங்கப்பூர் 65-ஐப் பெற்றுவிட்டதால் 650 முதல் 659 வரை உள்ள எதுவும் எந்த நாட்டுக்கும் கிடைக்காது. மறுதலையாக, 960, 965, 966 முதலியவை தனித்தனி நாடுகளுக்கு வழங்கப்பட்டதால் 96 என்னும் இரண்டு இலக்கக் குறியீடு எந்த நாட்டுக்கும் இல்லை. இதனால் குறியீடுகள் வெவ்வேறு நீளத்தில் இருந்தும், குறியீடு முடிந்தது என்று அறிவிக்கும் தனி அடையாளம் தேவைப்படவில்லை. 9 வந்ததும் மண்டலம் தெரிகிறது. அடுத்து 1 வந்தால் இந்தியா என்று அங்கேயே முடிவாகிறது. 6 வந்தால் இணைப்பகம் இன்னும் ஓர் இலக்கத்துக்குக் காத்திருக்கிறது. வழியைப் படித்துக்கொண்டே வழியில் நடக்க முடிகிற இந்த ஏற்பாடு, துடிப்புகளை எண்ணிய இயந்திரங்களுக்காக வகுக்கப்பட்டது. கணினிமயமான இன்றைய இணைப்பகங்களிலும் ஒரு திருத்தமும் வேண்டாமல் அது நிலைத்திருக்கிறது.

குறியீடுகளின் பட்டியலில் அரசியல் வரலாறும் படிந்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனி மேற்கு ஜெர்மனியோடு இணைந்தபின் அதன் 37 விடுவிக்கப்பட்டு, லிதுவேனியாவுக்கு 370, லாத்வியாவுக்கு 371, எஸ்தோனியாவுக்கு 372 என்று பத்தாக உடைக்கப்பட்டது. யூகோஸ்லாவியாவின் 38, செர்பியாவுக்கு 381-ஆகவும் குரோவேஷியாவுக்கு 385-ஆகவும் பிரிந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் 42, 420-ஆகவும் 421-ஆகவும் பிரிந்தது. சோவியத் ஒன்றியத்தில் இருந்து பிரிந்த நாடுகளுள் கஜகஸ்தான் மட்டும் ரஷ்யாவோடு 7-ஐ இன்றும் பகிர்ந்துகொள்கிறது.

இனி அழைக்கும் முறைக்கு வரலாம். பிரிட்டனில் நாடகங்களிலும் திரைப்படங்களிலும் காட்டுவதற்கென்றே விட்டுவைக்கப்பட்டு, எவருக்கும் வழங்கப்படாத 020 7946 0018 என்னும் லண்டன் எண்ணை எடுத்துக்கொள்வோம். இதன் முதல் பூஜ்ஜியம் பிரிட்டனுக்குள் இருப்பவர் தம் இணைப்பகத்துக்கு இடும் கட்டளை. லண்டனின் குறியீடு 20. இந்தியாவில் இருந்து அழைப்பவர் 00 44 20 7946 0018 என்று ஒற்ற வேண்டும். முதல் பூஜ்ஜியத்தில் அழைப்பு உள்ளூருக்குரியதன்று என்பதும், இரண்டாவதில் அது நாட்டைக் கடப்பது என்பதும், 44-இல் அது பிரிட்டனுக்குரியது என்பதும் இந்திய இணைப்பகத்துக்குத் தெரிகின்றன. பூஜ்ஜியங்கள் இரண்டும் தம் வேலை முடிந்து இங்கேயே உதிர்ந்துவிடுகின்றன. பிரிட்டனின் நுழைவாயில் இணைப்பகத்துக்குப் பொருள்படுவது 20-இல் தொடங்கும் பத்து இலக்கங்கள் மட்டுமே. 0044 020 என்று அந்த உள்நாட்டுப் பூஜ்ஜியத்தையும் சேர்த்து ஒற்றினால், 44-க்குப் பின் பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண் ஒன்று அங்கே இல்லாமையால் அழைப்பு பொதுவாகத் தோல்வி அடையும். ஆகவே பிரிட்டன், ஜெர்மனி, பிரான்சு, இலங்கை, மலேசியா ஆகிய நாடுகளின் உள்நாட்டு எண்ணில் முதலில் நிற்கும் பூஜ்ஜியத்தை நீக்கிவிட்டே நாட்டுக் குறியீட்டைச் சேர்க்க வேண்டும்.

நிறுவனங்கள் பல தங்கள் முகவரித் தாள்களில் நாட்டுக் குறியீட்டுக்கும் ஊர்க் குறியீட்டுக்கும் நடுவே பூஜ்ஜியத்தை அடைப்புக்குறிக்குள் அச்சிடுகின்றன. உள்நாட்டவர் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், வெளிநாட்டவர் விட்டுவிட வேண்டும் என்பது எழுதியவரின் கருத்து; படிப்பவருக்கோ அந்தக் கருத்து எவ்வகையிலும் புலப்படுவதில்லை. எண்களை எழுதும் முறையை வகுக்கும் இ.123 என்னும் பரிந்துரை இதை விலக்குகிறது. இந்த ஒரு பழக்கத்தை அச்சகங்கள் கைவிட்டாலே எத்தனையோ அழைப்புகள் தவறாமல் போய்ச் சேரும்.

பூஜ்ஜியத்தை நீக்கும் விதி எல்லா நாடுகளுக்கும் பொருந்தாது. இத்தாலியிலும் ஒரு காலத்தில் அவ்வாறே நீக்கப்பட்டது. 1998இல் அந்நாடு பூஜ்ஜியத்தை எண்ணின் பிரிக்க முடியாத உறுப்பாக ஆக்கிவிட்டதால், ரோமின் தரைவழி எண்ணை +39 06 என்றும் மிலானின் எண்ணை +39 02 என்றும் பூஜ்ஜியத்தோடுதான் அழைக்க வேண்டும். அந்நாட்டுக் கைப்பேசி எண்கள் 3 என்று தொடங்குவதால் அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. ஹங்கேரியின் உள்நாட்டு முன்னொட்டு 06 என்னும் இரண்டு இலக்கங்கள். இரண்டையும் நீக்க வேண்டும். ரஷ்யாவில் அது 8. நார்வே, டென்மார்க், சிங்கப்பூர் ஆகியவற்றில் உள்நாட்டு முன்னொட்டே கிடையாது. எட்டு இலக்க எண்ணின் முன் நாட்டுக் குறியீட்டைச் சேர்த்தால் போதும்.

வெளியேறும் முன்னொட்டிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. 00 என்பதையே எல்லா நாடுகளும் ஏற்க வேண்டும் என்று ஒன்றியம் பரிந்துரைத்தது. பிரிட்டன் 1995இல் தன் பழைய 010-ஐக் கைவிட்டும், பிரான்சு 1996இல் 19-ஐக் கைவிட்டும் 00-க்கு மாறின. அமெரிக்காவும் கனடாவும் மாறவில்லை; அங்கே வெளிநாட்டுக்கான முன்னொட்டு 011. ஆஸ்திரேலியாவில் 0011, ஜப்பானில் 010, ரஷ்யாவில் 8-ஐ ஒற்றி மறுபடி ஒலி வந்தபின் 10, சிங்கப்பூரிலோ எந்த நிறுவனத்தின் வழியாகப் பேசுவது என்பதைப் பொறுத்து முன்னொட்டு மாறுகிறது. இவற்றுள் 011 தமிழர்களைத் தனியே குழப்பக் கூடியது. டெல்லியின் எஸ்.டி.டி. கோடு 011, கொழும்பின் குறியீடும் 011, கனடாவை விட்டு வெளியேறும் வாயிலும் 011. டொரொண்டோவில் இருந்து கொழும்புத் தரைவழி எண்ணை அழைப்பவர் 011 94 11 என்று தொடங்கி ஏழு இலக்கங்களை ஒற்ற வேண்டும். இதில் முதல் 011 கனடா இணைப்பகத்துக்கு இடும் கட்டளை. பின்னால் வரும் 11 பூஜ்ஜியம் களைந்த கொழும்பு. யாழ்ப்பாணமாயின் 011 94 21. சென்னையாயின் 011 91 44. வெளி இணைப்புக்கு முதலில் 9-ஐ ஒற்றும் ஏற்பாடுள்ள அமெரிக்க அலுவலகங்களில் இந்தியாவை அழைப்பவர் 9, 011, 91 என்று தொடர வேண்டும். நடுவில் உள்ள பூஜ்ஜியம் விரலில் படாமல் போனால் முதல் மூன்று இலக்கங்கள் 911 ஆகி, அழைப்பு அவசர உதவி மையத்துக்குப் போய்ச் சேர்கிறது.

இத்தனை முன்னொட்டுகளையும் மனனம் செய்யும் சுமையைக் கைப்பேசியில் உள்ள கூட்டல் குறி நீக்கிவிடுகிறது. பூஜ்ஜிய விசையை அழுத்திப் பிடித்தால் தோன்றும் அந்தக் குறிக்கு எனத் தனி ஒலியோ துடிப்போ இல்லை. கைப்பேசி வலையமைப்புக்கு அனுப்பும் அழைப்புச் செய்தியில் இலக்கங்கள் ஒரு பகுதியிலும், அவை எவ்வகை எண் என்பதைச் சொல்லும் குறிப்பு மற்றொரு பகுதியிலும் இருக்கின்றன. கூட்டல் குறியோடு ஒற்றினால் அந்தக் குறிப்பில் ‘பன்னாட்டு எண்’ என்று பதிவாகிறது. அது இல்லாவிட்டால் ‘வகை தெரியாதது’ என்று பதிவாகி, எண்ணின் பொருளை உள்ளூர் வழக்கப்படி வலையமைப்பு ஊகித்துக்கொள்கிறது. நாட்டுக் குறியீடு எது, வாயில் எது என்று பூஜ்ஜியங்களால் உணர்த்த வேண்டிய தேவை இவ்வாறு மறைந்துவிடுகிறது. +91 என்று தொடங்கிப் பதிந்து வைத்த எண்ணை சென்னையில் இருந்தும் சிட்னியில் இருந்தும் டொரொண்டோவில் இருந்தும் ஒரு மாற்றமும் இன்றி அழைக்கலாம். கூட்டல் குறியையும் பூஜ்ஜியங்களையும் கலந்து +0091 என்று பதிவதும், +910 என்று 91-க்குப் பின் உள்நாட்டுப் பூஜ்ஜியத்தைச் சேர்ப்பதும் கைப்பேசிகளில் அடிக்கடி காணப்படும் பிழைகள்.

இந்தியாவில் 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியில் இருந்து எந்தக் கைப்பேசியை அழைத்தாலும் முன்னால் பூஜ்ஜியம் சேர்க்க வேண்டும் என்று ஆனபின், கைப்பேசி எண்களையும் பூஜ்ஜியத்தோடு பதினொரு இலக்கமாக எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. எதிர்காலத்துக்கான எண்களை மிச்சப்படுத்தவே அந்த விதி வந்தது. எண்ணின் நீளம் பத்தாகவே இருக்கிறது. தரைவழி எண்களில் ஊர்க் குறியீட்டின் நீளமும் அதைத் தொடரும் எண்ணின் நீளமும் சேர்ந்து எப்போதும் பத்து: சென்னைக்கு 44-உம் எட்டு இலக்கங்களும், கோயம்புத்தூருக்கு 422-உம் ஏழு இலக்கங்களும். 1800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண்கள் பொதுவாக நாட்டுக்குள் இருந்து மட்டுமே எட்டக் கூடியவை. வெளிநாடு செல்பவர் தம் வங்கியின் வழக்கமான பத்து இலக்க எண் ஒன்றைக் குறித்துக்கொள்வது தேவையாகிறது.

ஒற்றியபின் சில நொடிகள் எதுவும் கேட்காமல் இருப்பதைக் கண்டு பலர் அழைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் எண்களின் நீளம் ஒரே அளவில் இல்லை; ஓர் ஊருக்குள்ளேயே குறுகிய எண்ணும் நெடிய எண்ணும் இருக்கக்கூடும். தரைவழித் தொலைபேசியில் இலக்கங்களை ஒவ்வொன்றாக ஒற்றும்போது, கடைசி இலக்கம் வந்துவிட்டதா என்பது இணைப்பகத்துக்குத் தெரிவதில்லை. அடுத்த இலக்கத்துக்காகச் சில நொடிகள் காத்திருந்து, ஒன்றும் வராவிட்டால் எண் முடிந்ததாகக் கொள்கிறது. கைப்பேசியில் பச்சைப் பொத்தானை அழுத்திய பின்பே முழு எண்ணும் ஒன்றாகப் போவதால் இந்தக் காத்திருப்பு குறைகிறது. ஆயினும் வழியில் உள்ள பல வலையமைப்புகளைக் கடந்து மறுமுனையில் மணி ஒலிக்கச் சற்று நேரம் ஆவது இயல்பு.

நாட்டுக் குறியீட்டைச் சரியாக அறிவது பணத்தையும் காக்கும். +1 என்றால் அமெரிக்கா அல்லது கனடா என்று கொள்வது முழுவதும் சரியன்று. ஜமைக்கா, பார்படோஸ், டொமினிகன் குடியரசு உள்ளிட்ட கரீபியன் நாடுகள் பலவும் அதே மண்டலத்தில் அடங்குகின்றன, அவற்றுக்கான கட்டணமோ பல சமயம் வேறு. +1-க்குப் பின் வரும் 876 ஜமைக்காவையும் 809 டொமினிகன் குடியரசையும் குறிக்கும் என்பதைத் தோற்றத்தில் இருந்து மட்டும் அறிய முடியாது. +870, +881 என்று தொடங்குபவை எந்த நாட்டுக்கும் உரியவை ஆகா; அவை செயற்கைக்கோள் தொலைபேசிகளுக்கு ஒதுக்கப்பட்டவை, நிமிடக் கட்டணம் மிகுந்தவை. ஒரே மணியோடு நின்றுபோகும் மிஸ்டு காலைக் கண்டு திருப்பி அழைப்பவரிடம் பணம் பறிக்கும் மோசடி இந்த அறியாமையை நம்பியே நடக்கிறது; எதிர்பாராத குறியீட்டில் இருந்து வந்த மிஸ்டு காலுக்குப் பதில் அழைக்காமல் விடுவதே அதற்குத் தற்காப்பு.

இணையவழிப் பேச்சு பெருகிய பின்பும் இந்த இலக்கணம் வழக்கொழியவில்லை. வாட்ஸ்அப் ஒருவரை அடையாளம் காண்பது நாட்டுக் குறியீட்டோடு கூடிய முழு எண்ணைக் கொண்டே. பத்து இலக்கம் மட்டும் பதிந்து வைத்தவருக்கு, அந்த எண் தம் நாட்டுக்குரியது என்று செயலி கருதிக்கொள்வதால், வெளிநாட்டு உறவினர் அங்கே தென்படாமலே போகலாம். திருமண அழைப்பிதழிலும் கடைப் பலகையிலும் எண்ணை அச்சிடுபவர், உள்ளூரார் பயன்படுத்தும் வடிவத்தை ஒரு வரியிலும், கூட்டல் குறி, 91, அதன்பின் பத்து இலக்கங்கள் என்னும் வடிவத்தை மற்றொரு வரியிலும், நாட்டுக்கும் ஊருக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி மட்டும் விட்டு, அடைப்புக்குறியும் சாய்கோடும் இன்றி எழுதினால், கோலாலம்பூரில் இருப்பவரும் பாரிசில் இருப்பவரும் எதையும் கழிக்காமலும் கூட்டாமலும் அப்படியே ஒற்றிப் பேசலாம்.